எண்பது நாற்காலி

2025 மார்ச் 8ஆம் தேதி லண்டன் ஈவென்டிம் அப்பல்லோ அரங்கத்தில் இளையராஜாவின் 'வேலியன்ட்' சிம்பொனியை ராயல் பில்ஹார்மோனிக் ஆர்க்கெஸ்ட்ரா வாசித்தது. மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. அம்பத்தூர் ஓ.டி. டீக்கடையில் காலையிலிருந்து அதே பேச்சு. சிம்பொனி என்றால் என்னவென்று அங்கே நின்றிருந்த யாருக்கும் சரியாகத் தெரியாது. எனக்கும் அரைகுறைதான். ஆனால் வெள்ளைக்காரன் எண்பது பேர் கோட்டு போட்டுக்கொண்டு உட்கார்ந்து, பண்ணைப்புரத்துக்காரர் எழுதிக் கொடுத்த தாளைப் பார்த்து வாசிக்கிறான் என்பது எல்லோருக்கும் புரிந்தது. "நம்ம ஆளு" என்று ஒருவர் குரலைத் தாழ்த்திச் சொன்னார். அடுத்த பெஞ்சில் யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று பார்த்துவிட்டுத்தான் அதையும் சொன்னார்.

நம்ம ஆளு என்று நாம் சொல்வதை இளையராஜா ஒருநாளும் விரும்பியதில்லை. 2022இல் மோடியை அம்பேத்கரோடு ஒப்பிட்டு ஒரு புத்தகத்துக்கு முன்னுரை எழுதி நம் வயிற்றெரிச்சலைக் கொட்டிக்கொண்டார். அதே ஆண்டு மாநிலங்களவைக்கு நியமன உறுப்பினராகவும் ஆனார். அவருடைய அரசியலோடு எனக்கு ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. அதற்காக அந்த ஞாயிற்றுக்கிழமை எனக்கு வந்த சந்தோஷத்தை ஒளித்துவைக்கவும் நான் தயாராக இல்லை. முரண்பாடுதான். இருந்துவிட்டுப் போகட்டும். அண்ணன் பாவலர் வரதராசனோடு கம்யூனிஸ்ட் மேடைகளுக்கு ஆர்மோனியம் சுமந்துபோன பையன், மயிலாப்பூரில் தன்ராஜ் மாஸ்டரிடம் மேற்கத்திய இசை எழுதப் படிக்கக் கற்றுக்கொண்டு, 1993இல் அதே ராயல் பில்ஹார்மோனிக்கை வைத்து ஒரு சிம்பொனியைப் பதிவு செய்து, அது வெளிவராமலே போய், முப்பத்திரண்டு வருஷம் கழித்து எண்பதைக் கடந்த வயதில் மறுபடி போய் நிற்கிறார் என்றால் அது சின்ன விஷயமா?

அவரைப் பற்றி எழுத நிறையப் பேர் இருக்கிறார்கள். நான் எழுத வந்தது நாற்காலியைப் பற்றி.

செல்போனில் வந்த துண்டுத் துண்டு வீடியோக்களைப் பார்த்துக்கொண்டிருந்தபோது என் கண் போனது அங்கேதான். ஒரு முழு சிம்பொனி ஆர்க்கெஸ்ட்ரா என்றால் எண்பது தொண்ணூறு பேர். ஒவ்வொருவருக்கும் ஒரு நாற்காலி, முன்னால் தாள் வைக்க ஒரு தாங்கி. அரைமணி நேரத்தில் நாலே நாலு தடவை ஜால்ராத் தட்டு தட்டுகிறவனுக்கும் நாற்காலி உண்டு. அவன் தன் முறை வரும்வரை கௌரவமாக உட்கார்ந்திருக்கிறான். பின்வரிசையில் டிரம்பெட் ஊதுகிறவர்கள். அதைப் பார்த்ததும் எனக்கு எங்கள் வட்டாரத்துப் பேண்டு செட் ஞாபகம் வந்தது. டிரம்பெட் அதே டிரம்பெட்தான். அதே மூன்று பொத்தான், அதே பித்தளை. இது நம் பக்கம் வந்ததே வெள்ளைக்கார ராணுவத்தோடுதான். பூந்தமல்லி ஒரு காலத்தில் கன்டோன்மென்ட். ராணுவ பேண்டின் பித்தளை மெல்ல மெல்லச் சேரிக்குள் வந்து, கல்யாணத்துக்கும் சாவுக்கும் ஊதுகிற குழாயாகிவிட்டது. லண்டனில் அது உட்கார்ந்து ஊதப்படுகிறது. பட்டாபிராமில் நடந்துகொண்டே, பிணத்துக்கு முன்னால், வெயிலில்.

அதே வாரம் ஒரு காரியம் நடந்தது. நான் வங்கியில் கிளார்க். எந்த வங்கி, எந்தக் கிளை என்பது இங்கே வேண்டாம், சம்பளம் வாங்குகிற இடம். ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒருவர் கவுண்டருக்கு வந்தார். பேண்டு செட் வைத்திருக்கிறார். அஞ்சாறு பேர் சேர்ந்த குழு. முத்ரா கடனில் நாற்பதாயிரம் வேண்டும், ஒரு டிரம்பெட் வாங்கணும், பெரிய டிரம்முக்குத் தோல் மாத்தணும் என்றார். "உட்காருங்கண்ணா" என்றேன். உட்காரவில்லை. "பரவால்ல சார், நின்னே பழக்கம்" என்றார். படிவத்தை நான்தான் நிரப்பினேன். தொழில் என்ற கட்டத்தில் 'இசைக்கலைஞர்' என்று எழுதினேன். அவர் எட்டிப் பார்த்து, "அப்படியெல்லாம் போட்டா குடுப்பாங்களா சார்?" என்றார்.

கொடுக்கவில்லை. கடன் பார்க்கிற அதிகாரி படிவத்தை மேலும் கீழும் பார்த்தார். "சாவு மோளமா? இது ஒரு பிசினஸா? மாச வருமானத்துக்கு என்ன உத்தரவாதம்?" என்றார். வந்தவர் கோபப்படவில்லை. "சாவை விட உத்தரவாதமான வருமானம் என்ன சார் இருக்கு?" என்றார். பக்கத்தில் நின்றவர்கள் சிரித்துவிட்டார்கள். அதிகாரியும் சிரித்தார். சிரித்துக்கொண்டே 'இசைக்கலைஞர்' என்பதை அடித்துவிட்டு 'கூலி' என்று எழுதினார். கூலிக்குத் தொழில்கடன் கிடையாது. கதை முடிந்தது.

வெளியே வந்து அவரோடு டீ குடித்தேன். வருஷம் முழுக்க வேலை எப்படிண்ணா என்று கேட்டேன். அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "ஆடி மாசம் கூழ் ஊத்துறாங்கல்ல, அப்ப கொஞ்சம் வரும். அப்புறம் புள்ளையார் சதுர்த்தி. முன்னெல்லாம் கல்யாணத்துக்குக் கூப்புடுவாங்க, இப்ப அங்க செண்டை மேளம் வந்துடுச்சி, டிஜே வந்துடுச்சி. மத்தபடி சாவுதான் சார். மார்கழி தையில கொஞ்சம் கூடும். பனியில கெழடுங்க போயிடும்ல. மார்கழிதான் எங்களுக்கும் சீசன்."

எங்களுக்கும் சீசன். இந்த 'உம்' எனக்குள் இன்னும் இடித்துக்கொண்டே இருக்கிறது. அவர் மயிலாப்பூரை நினைத்துச் சொன்னாரா, சும்மா சொன்னாரா தெரியவில்லை.

தோழர்களே, ஒரு ஆர்க்கெஸ்ட்ரா என்பது வெறும் வாத்தியங்களின் கூட்டம் என்று நாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம். அது ஒரு வருஷத் திட்டம். எந்த மாதம் எங்கே வாசிப்பது, எத்தனை நாள் ஒத்திகை, யார் பணம் தருவது என்பதெல்லாம் முன்கூட்டியே அச்சாகிவிடுகிறது. ராயல் பில்ஹார்மோனிக்கை 1946இல் தாமஸ் பீச்சம் தொடங்கினார். 2004 முதல் லண்டன் கடோகன் ஹாலில் அதற்கென்று நிலையான இடம். மும்பையில் நம் நாட்டு சிம்பொனி ஆர்க்கெஸ்ட்ரா ஒன்று 2006இல் தொடங்கப்பட்டது. டாட்டாவும் ஜாம்ஷெட் பாபாவும் சேர்ந்து கட்டிய என்.சி.பி.ஏ.தான் அதற்கு வீடு. வருஷத்துக்கு இரண்டு பருவம், சொந்தமாக ஒரு இசைப்பள்ளி. வாசிக்கிறவர்களில் பெரும்பகுதியினர் கஜகஸ்தான் போன்ற நாடுகளிலிருந்து வருகிறவர்கள். பணக்காரர்கள் நினைத்தால் டிரம்பெட் ஊதுகிறவனைக் கஜகஸ்தானிலிருந்தும் கூட்டிவர முடிகிறது. பட்டாபிராமிலிருந்து கூட்டிவர முடியாது.

வாசிப்பவர்களுக்கு அங்கே எல்லாருக்கும் மாதச் சம்பளம் என்றுதான் நானும் நினைத்திருந்தேன். அப்படி இல்லை. லண்டனின் பெரிய ஆர்க்கெஸ்ட்ராக்களில் பலவற்றில், ராயல் பில்ஹார்மோனிக் உட்பட, வாசித்த வேளைக்குத்தான் காசு. அவர்களும் ஒரு வகையில் நம்ம பேண்டு செட் மாதிரிதான். என்ன வித்தியாசம் என்றால் அந்த வேளைக்கு என்ன ரேட் என்பதைச் சங்கம் பேசி முடிவு செய்திருக்கிறது. நம் ஆளுக்கு ரேட்டைப் பிணத்தின் மச்சான் முடிவு செய்கிறார், அதுவும் பிணம் எடுத்த பிறகு. பாதி காசு, பாதி குவார்ட்டர்.

பெர்லின் பில்ஹார்மோனிக் உலகத்தின் தலைசிறந்த ஆர்க்கெஸ்ட்ரா என்கிறார்கள். அது எப்படிப் பிறந்தது தெரியுமா? பில்சே என்றொருவர் பெர்லினில் பெரிய பேண்டு வைத்திருந்தார். 1882இல் வார்சாவுக்குக் கச்சேரிக்குப் போக, வாசிப்பவர்களை ரயிலில் நாலாம் வகுப்பில் கூட்டிப்போகப் பார்த்தார். ஐம்பத்து நாலு பேர் முடியாது என்று வெளியே வந்தார்கள். வெளியே வந்தவர்கள் தாங்களே சேர்ந்து நடத்தியதுதான் பெர்லின் பில்ஹார்மோனிக். பீத்தோவனின் ஆன்மா, ஜெர்மானிய மேதைமை என்று பின்னால் ஆயிரம் எழுதினார்கள். விஷயம் ரயில் டிக்கெட். நம் பேண்டு செட் ஆட்கள் குட்டியானை வண்டியின் பின்னால், பந்தல் கம்புக்கும் ஐஸ் பெட்டிக்கும் நடுவில், டிரம்மை மடியில் வைத்துக்கொண்டு போகிறார்கள். நாலாம் வகுப்புக்கும் கீழே வகுப்பு இருந்தால் அது இதுதான். ஐம்பத்து நாலு பேர் வேண்டாம், ஆறு பேர் ஒரு நாள் ஏறமாட்டேன் என்று சொல்ல முடிகிறதா? அடுத்த தெருவிலிருந்து இன்னொரு செட் வந்துவிடும் என்ற பயம் வயிற்றைப் பிடிக்கிறது. ஆகவே முதல் வேலை அடுத்த தெருவோடு பேசுவது.

இந்த ஆர்க்கெஸ்ட்ராக்களுக்கு 'மக்களிடம் செல்வது' என்று ஒரு தனித் துறை இருக்கிறது. ராயல் பில்ஹார்மோனிக்கில் அது 1993இலிருந்து நடக்கிறது. ஹல் நகரத்தில் பக்கவாதம் வந்தவர்களோடு உட்கார்ந்து வாசித்து, அவர்களையும் வாசிக்கவைத்து, கைகால் தேற உதவுகிறார்கள். நல்ல காரியம். கேலி செய்ய எனக்கு மனசு வரவில்லை. வெனிசுவேலாவில் 1975இல் அப்ரேயு என்பவர் ஒரு கார் ஷெட்டில் விரல்விட்டு எண்ணக்கூடிய பிள்ளைகளோடு ஆரம்பித்தது, லட்சக்கணக்கான ஏழைப் பிள்ளைகளின் கையில் வயலின் கொடுத்தது. நம் ஊரில் ஏ.ஆர். ரஹ்மானின் அறக்கட்டளை ஏழைப் பிள்ளைகளுக்கு இலவசமாகக் கற்றுக்கொடுத்து சன்ஷைன் ஆர்க்கெஸ்ட்ராவை நடத்துகிறது. டி.எம். கிருஷ்ணாவும் தோழர்களும் 2015இல் ஊரூர் ஆல்காட் குப்பத்தில் மீனவர்கள் நடுவே விழா தொடங்கினார்கள். இவையெல்லாம் நடக்கட்டும். நான் கேட்பது வேறு. 'உயர்ந்த' இசை கீழே இறங்கிவந்தால் அதற்குச் சேவை என்று பெயர், அறிக்கை உண்டு, நன்கொடை உண்டு. நம் இசை சேரியிலிருந்து ஊருக்குள் போகிறதே, காலங்காலமாகப் போய்க்கொண்டிருக்கிறதே, அதற்கு என்ன பெயர்? ஊரில் எவன் செத்தாலும் போய் நின்று, அவன் உயிரோடிருந்தபோது நம்மைத் திண்ணையில் ஏற்றாதவனாக இருந்தாலும், கடைசி மரியாதை செய்து அனுப்பிவைக்கிறோம். இதைவிடப் பெரிய 'மக்களிடம் செல்வது' எந்த ஆர்க்கெஸ்ட்ராவிலாவது உண்டா? இதற்குப் பெயர் அடிமைத்தொழில். பெயர் வைப்பதில்தான் எல்லாச் சூட்சுமமும் இருக்கிறது.

இப்போது இன்னொன்று நடக்கிறது. கல்லூரி விழா, ஐ.டி. கம்பெனிப் பொங்கல், எங்கே பார்த்தாலும் பறை. நல்ல வசதியான வீட்டுப் பிள்ளைகள் வேட்டி மடித்துக் கட்டி, வார இறுதிப் பட்டறையில் கற்றுக்கொண்டு அடிக்கிறார்கள். ஆதித்தமிழன் கருவி, மனஅழுத்தம் குறைகிறது என்கிறார்கள். குறையட்டும். ஒரே ஒரு சந்தேகம். அந்தப் பிள்ளை பறையைத் தோளில் மாட்டினால் கலைஞன், பட்டாபிராம்காரர் மாட்டினால் கூலி. பறை ஒன்றுதான், தோள்தான் வேறு.

இந்த இடத்தில் நம் இயக்கத்துக்குள்ளேயே இருக்கிற பழைய சண்டையைப் பேசாமல் நகர முடியாது. பறையைத் தூக்கி எறி என்பது ஒரு குரல். தென்னாற்காட்டுப் பக்கம் எல். இளையபெருமாள் சாவுக்குப் பறையடிக்காதே என்று இயக்கமே நடத்தினார். அதற்காக நம் மக்கள் அடிபட்டார்கள். பறை நம் விடுதலைக் கருவி, அதை மீட்டெடு என்பது இன்னொரு குரல். திண்டுக்கல் சக்தி கலைக்குழுவில் தலித் பெண்கள் தொண்ணூறுகளில் பறையைக் கையிலெடுத்து ஆடினார்கள். பொம்பளை பறை தொடுவதா என்றவர்கள் நம் தெருவிலும் இருந்தார்கள். (வியன்னா பில்ஹார்மோனிக் பெண்களை உறுப்பினராகச் சேர்த்தது 1997இல்தான் என்பதை இவர்களுக்கு ஆறுதலாகச் சொல்லிவைக்கலாம்.) நான் மாணவனாக இருந்தபோது இந்த இரண்டு குரலில் எது சரி என்று விடிய விடியக் கத்தியிருக்கிறேன். இப்போது எனக்குத் தோன்றுவது, அடிக்கமாட்டேன் என்று சொல்லும் உரிமை இல்லாதவன் அடிக்கிற அடி கலையாக முடியாது என்பது. இளையபெருமாள் வாங்கிக் கொடுக்கப் பார்த்தது அந்த உரிமையை. அது கையில் இருந்தால்தான் சக்தி கலைக்குழுவின் ஆட்டம் ஆட்டம். இரண்டும் எதிரெதிர் என்று நினைத்துக்கொண்டு நாம் நிறையத் தொண்டைத் தண்ணீரை வற்றவைத்துவிட்டோம்.

சரி, ஆதரவாளர்கள் விஷயத்துக்கு வருகிறேன். ஆர்க்கெஸ்ட்ராவின் நிகழ்ச்சிப் புத்தகத்தைப் புரட்டினால் பின்பக்கங்களில் புரவலர் பெயர்கள் வரிசையாக இருக்கும். நம் சபாக்களிலும் அப்படியே. 1927 சென்னைக் காங்கிரஸ் மாநாட்டை ஒட்டி எழுந்து 1928இல் தொடங்கிய மியூசிக் அகாதமியிலிருந்து இன்று வரை, மார்கழிக் கச்சேரி மேடைகளின் பின்திரையில் நகைக்கடை, பட்டுப்புடவை, அப்பளம், வங்கி என்று பெயர்கள் தொங்கும். ஆமாம், வங்கியும். டிரம்பெட்டுக்கு நாற்பதாயிரம் தர யோசிக்கிற வங்கித் தொழில் பின்திரைக்கு யோசிப்பதில்லை.

இசைக்கு மாதச் சம்பளம் கொடுக்கிற வழக்கம் அரசாங்கத்துக்கும் இல்லாமல் இல்லை. ஆவடியில் சிறப்புக் காவல் படை இருக்கிறது, மத்திய ரிசர்வ் போலீஸ் இருக்கிறது. போலீஸ் பேண்டில் டிரம்பெட் ஊதுகிறவருக்கு அரசுச் சம்பளம், சீருடை, பதவி உயர்வு. அறநிலையத்துறைக் கோயில்களில் நாதசுரத்துக்கும் தவிலுக்கும் பணியிடம் இருக்கிறது. மாவட்ட அரசு இசைப்பள்ளிகளில் குரலிசை, நாதசுரம், தவில், தேவாரம், பரதம், வயலின், மிருதங்கம் என்று முழுநேரப் படிப்பு உண்டு. பறை அந்தப் பட்டியலில் இல்லை. அண்மையில் நாட்டுப்புறக் கலைகளுக்குப் பகுதிநேரப் பயிற்சி என்று பக்கத்தில் ஒட்டுத்திண்ணை கட்டியிருக்கிறார்கள். நாட்டுப்புறக் கலைஞர் நல வாரியம் 2007இல் வந்தது. அதே ஆண்டு தொடங்கிய சென்னை சங்கமம் நின்றுபோய், 2023 பொங்கலிலிருந்து 'நம்ம ஊரு திருவிழா' என்று மறுபடி நடக்கிறது. 2025இல் மதுரைப் பக்கத்துப் பறையிசைக் கலைஞர் வேலு ஆசானுக்குப் பத்மஸ்ரீ கொடுத்தார்கள். கைதட்டினேன், இப்போதும் தட்டுகிறேன். ஆனால் கூட்டிக் கழித்துப் பாருங்கள், கணக்குப் பார்ப்பது என் தொழில். பொங்கலுக்கு நாலைந்து நாள் மேடை. நீலம் பண்பாட்டு மையம் 2020இலிருந்து நடத்தும் 'மார்கழியில் மக்களிசை'யில் சில நாள். வருஷத்தில் பத்து நாள் கலைஞன். மிச்சம் முந்நூற்று ஐம்பத்தைந்து நாள்? விருது ஒரு நாள் வருகிறது, வீட்டு வாடகை மாசாமாசம் வருகிறது.

2018 ஜனவரியில் பா. ரஞ்சித்தும் தென்மாவும் 'தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்' குழுவைக் கீழ்ப்பாக்கத்தில் மேடையேற்றியபோது நான் கூட்டத்தில் நின்றிருந்தேன். கானாவும் பறையும் கிடாரும் ஒரே மேடையில். அன்றைக்கு என்னைப் பிடித்து உலுக்கியது பாட்டுகூட இல்லை, அவர்கள் எல்லோரும் ஒரேமாதிரி கோட்டு சூட்டில் வந்து நின்றது. ஆர்க்கெஸ்ட்ரா மாதிரி நின்றார்கள். பூர்வ பௌத்தர் அயோத்திதாசர் சாதியற்றவர்கள் என்று எதைச் சொன்னாரோ அது உடம்பில் தெரிந்தது.

கறுப்பின மக்கள் இந்தப் பாதையில் நமக்கு முன்னே போயிருக்கிறார்கள். நியூயார்க் பில்ஹார்மோனிக்கில் முதல் கறுப்பர் நிரந்தர உறுப்பினரானது 1962இல். 1969இல் இரண்டு கறுப்பின இசைஞர்கள் அந்த ஆர்க்கெஸ்ட்ராவின் மீது மனித உரிமை ஆணையத்தில் புகார் கொடுத்தார்கள். நிரந்தர வேலை விஷயத்தில் பாகுபாடு நிரூபணமாகவில்லை, ஆனால் மாற்று ஆள் எடுப்பதில் பாகுபாடு இருக்கிறது என்று ஆணையம் சொன்னது. அதற்குப் பிறகான வருஷங்களில் அமெரிக்க ஆர்க்கெஸ்ட்ராக்களில் திரைக்குப் பின்னால் உட்காரவைத்து வாசிக்கச் சொல்லி ஆள் எடுக்கும் முறை பரவியது. தோலைப் பார்க்காதே, சத்தத்தை மட்டும் கேள் என்பது கணக்கு. நம் ஊரில் திரை போட்டால் போதுமா? ஆள் தெரியாவிட்டாலும் எந்தக் கருவி என்பதே எந்தத் தெரு என்று சொல்லிவிடுமே. ஆகவே எனக்கு அதைவிடப் பிடித்தது 2015இல் லண்டனில் சி-சி வானோகு என்ற கறுப்பினப் பெண்மணி செய்தது. இடம் கொடு என்று கேட்டுக்கொண்டு நிற்காமல், கறுப்பினத்தவரும் பிற சிறுபான்மை இனத்தவருமே பெரும்பான்மையாக உட்காரும் 'சினெகே' ஆர்க்கெஸ்ட்ராவை அவரே தொடங்கினார்.

அம்பத்தூரிலிருந்து ஆவடி வழியாகத் திருநின்றவூர் வரை, இந்தப் பக்கம் பூந்தமல்லி, நசரத்பேட்டை வரை எத்தனை பேண்டு செட்டு, எத்தனை மோள செட்டு இருக்கிறது என்று யாராவது எண்ணியிருக்கிறோமா? இயக்கத் தோழர்கள் எண்ணவில்லை. மாணவர்கள் ஆய்வுக்குப் பறை என்று தலைப்பு எடுத்து சங்க இலக்கியத்தைப் புரட்டுகிறார்கள், பக்கத்துத் தெருவுக்குப் போவதில்லை. ஒரு கோடை விடுமுறையில் முடிகிற வேலை. எல்லா செட்டையும் ஒரு இடத்தில் உட்காரவைத்து ஒரே ரேட்டு, சாராயம் கூலியில் சேராது, குட்டியானையில் சாமானோடு ஏறமாட்டோம், வாசிக்கிற இடத்தில் நாற்காலி வேண்டும் என்று ஒரு தாளில் எழுதிக் கையெழுத்து வாங்கலாம். சங்கமாகப் பதிவு செய்தால் கூட்டுக்கடனுக்குக் கதவைத் தட்டலாம். அந்தப் படிவத்தை நிரப்பித் தர நான் இருக்கிறேன். தொழில் என்ற கட்டத்தில் மறுபடியும் இசைக்கலைஞர் என்றுதான் எழுதுவேன். அடித்தால் மறுபடி எழுதுவேன்.

அந்த அண்ணனை இடையில் இரண்டு மூன்று தடவை பார்த்தேன். லண்டன் வீடியோவை என் போனில் அவருக்குக் காட்டினேன். டிரம்பெட் வரிசை வந்தபோது நிறுத்தச் சொல்லி, பெரிசாக்கிப் பார்த்தார். "எங்கள்து மாதிரியே இருக்கு சார்" என்றார். பிறகு, "உக்காந்து ஊதுனா மூச்சு நல்லா வரும்" என்றார்.

போன மாதம் திருமுல்லைவாயிலில் ஒரு சாவு. இவர் குழுதான். ஐந்து நாற்காலி போட்டால்தான் வாசிப்போம் என்று கேட்டிருக்கிறார்கள். வீட்டுக்காரர்கள் முறைத்திருக்கிறார்கள், ஒரு பெரியவர் திட்டியும் இருக்கிறார். கடைசியில் மூன்று நாற்காலி வந்தது. மூன்று பேர் உட்கார்ந்து வாசித்தார்கள், இரண்டு பேர் நின்றார்கள். பாட்டுக்குப் பாட்டு இடம் மாறிக்கொண்டார்களாம்.